உன்னிடம் மட்டும்

சில வருடங்களாக ஒரு குறுஞ்செய்தி என் மனதை விட்டு இறங்க மறுக்கிறது. 2019 செப்டம்பர் 9, திங்கட்கிழமை முற்பகல். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், ரெக்ஸ்பர்க் நகரை ஒட்டிய வயல்வெளியில் இருந்த தன் வீட்டிலிருந்து சாட் டேபெல் என்பவர் மனைவி டாமிக்கு அனுப்பியது. வெட்டிப்போட்ட மரக்கிளைகளை மழை வந்து நனைப்பதற்குள் எரித்துவிடலாம் என்று தனக்குத் தோன்றியதாகவும், எரித்துக்கொண்டிருக்கையில் வேலியோரம் ஒரு பெரிய ரக்கூன் தென்பட்டதாகவும், விரைந்து போய்த் துப்பாக்கியை எடுத்துவந்து ஒரே குண்டில் சுட்டதாகவும், இப்போது அது நம் வீட்டுச் செல்லப்பிராணிகளைப் புதைக்கிற இடத்தில் கிடப்பதாகவும் எழுதியிருந்தார். கடைசியில், பொழுது நன்றாகப் போனது என்கிற தொனியில் குட்டியாக ஒரு வாக்கியம். நாயும் பூனையும் புதைத்த அந்த மூலையை ஒன்பது மாதம் கழித்துக் காவல்துறை தோண்டியபோது கிடைத்தது பதினாறு வயது டைலி ரயனின் எரிந்த எச்சம். மண் புதிதாகக் கிளறியிருப்பதை மனைவி பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்று முன்கூட்டியே யோசித்து அனுப்பிய செய்தி அது என்று எளிதாக விளக்கிவிடலாம். அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. பள்ளி நூலகத்தில் வேலையாக இருந்த டாமி அன்று எதையும் கேட்கவில்லை. கேட்கும் முன்பே அவர் சொல்கிறார். ஒரு பொய்யைச் சொல்லும்போதுகூட நெருப்பு, துப்பாக்கி, குழி, இடம் என்று எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டு, உள்ளே கிடப்பது யார் என்பதை மட்டும் மாற்றுகிறார். முழுக்க மறைக்க முடியாத ஏதோ ஒன்று அந்தச் செய்திக்குள் இருக்கிறது. அதுதான் என்னைத் திரும்பத் திரும்ப அங்கே இழுக்கிறது.

வழக்கின் கதையைச் சொல்வது என் நோக்கமில்லை. நீதிமன்றங்கள் அதைச் சொல்லி முடித்துவிட்டன. டாமியையும், டைலியையும், டைலியின் தம்பியான ஏழு வயது ஜேஜேயையும் கொன்ற குற்றத்தில் டேபெல் குற்றவாளி என்று 2024 மே 30 அன்று பாய்சி நகர ஜூரிகள் முடிவு செய்தார்கள். ஜூன் 1இல் மரண தண்டனை. அந்தப் பிள்ளைகளின் தாயும், டாமி இறந்த பதினேழாம் நாள் ஹவாய்க் கடற்கரையில் டேபெலை மணந்தவருமான லோரி வாலோவுக்கு அதற்கு முந்தைய வருடமே ஆயுள் தண்டனை ஆகிவிட்டது. பணம், அதிகாரம், காமம் என்று அரசுத் தரப்பு காரணங்களை அடுக்கியது. டாமியின் காப்பீட்டுத் தொகையை அவர் இறப்பதற்குச் சற்று முன்பு உயர்த்தியிருந்தார்கள். பிள்ளைகளின் பெயரில் மாதந்தோறும் வந்த உதவிப் பணத்தை அவர்கள் செத்த பிறகும் தாய் வாங்கிக்கொண்டிருந்தார். எல்லாம் உண்மை. ஆனால் என்னை உறுத்துவது அந்த இருவர் இல்லை. அவர்களைச் சுற்றி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர்கள். சிறுமியாக இருந்தபோது என் பெரியம்மா ஒருத்தி என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப்போய், "உன்கிட்ட மட்டுந்தாண்டி சொல்றேன், யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது" என்று ஏதோ குடும்பச் சங்கதி சொன்னாள். என்ன சங்கதி என்பது மறந்தேபோனது. அந்த ‘மட்டும்’ நாக்கில் கரைந்த விதம் மட்டும் மறக்கவில்லை. அன்று பூராவும் நான் ஒரு சாண் உயரமாக நடந்தேன். அதே சங்கதியை அதே சத்தியத்தோடு அவள் இன்னும் நாலு பேரிடம் சொல்லியிருந்தாள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. டேபெலின் வட்டத்தில் இருந்தவர்கள் சாட்சிக் கூண்டில் சொன்னதைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கிணற்றடி ஞாபகம் வந்துவிடுகிறது. அவர்கள் கேட்டதோ ‘போன பிறவியில் நீ யார்’ என்கிற ரகசியத்தை. அதைக் கேட்டுவிட்டு எவ்வளவு உயரமாக நடந்திருப்பார்கள்!

அவர் ஒரு காலத்தில் குழி வெட்டியவர். யூட்டா மாநிலத்து ஸ்பிரிங்வில் ஊரின் கல்லறைத் தோட்டத்தைப் பராமரிக்கும் வேலை பார்த்தார்; அந்த அனுபவத்தை ஒரு புத்தகமாகவும் எழுதினார். பதினேழு வயதில் பாறை உச்சியிலிருந்து நீர்த்தேக்கத்தில் குதித்தபோது ஒருமுறை, 1993இல் கலிஃபோர்னியாக் கடலில் பேரலை அடித்தபோது இன்னொரு முறை, சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பியதாகச் சொல்லிக்கொண்டார். இந்த உலகத்துக்கும் அந்த உலகத்துக்கும் நடுவில் ஒரு திரை தொங்குகிறது என்பது அவர் சார்ந்த மார்மன் சபையாரின் அன்றாடப் பேச்சு. இறந்தவர்கள் அந்தத் திரைக்கு அப்பால் இருக்கிறார்கள். சில நேரம், சில இடத்தில் திரை மெலிந்துவிடும். தனக்கு அது கிழிந்தேவிட்டது, முழுக்க மூடவில்லை என்பது டேபெலின் உரிமைகோரல். 2004இல் மனைவியும் அவருமாக ஒரு சிறு பதிப்பகம் தொடங்கினார்கள். நிலநடுக்கம், படையெடுப்பு, மலையடிவாரத்தில் வெள்ளைக் கூடாரங்கள் என்று கடைசி நாள்களைப் பற்றிய நாவல்கள் அவர் பெயரில் வந்தன. நாவல் என்றுதான் அட்டையில் இருக்கும். ஆனால் அதில் இருப்பது தான் கண்ட காட்சி என்று வாசகர்களிடம் சொல்வார். இந்த ஏற்பாட்டை நான் வெகுநேரம் யோசித்தேன். சபைக்கு வெளியே ஒருவர் தீர்க்கதரிசனம் பேசினால் சபை கேள்வி கேட்கும். நாவலாசிரியரை யாரும் கேட்கப்போவதில்லை. நாவலைப் படித்துவிட்டு, இது வெறும் கதை இல்லை என்று தெரிந்துகொண்ட வாசகருக்கோ தானும் திரைக்கு ஒரு அடி பக்கத்தில் வந்துவிட்ட உணர்வு. ஊரறிய அச்சிட்டு விற்ற ஒன்றைக்கூட ரகசியமாகவே வைத்திருக்க முடிந்திருக்கிறது. எழுதுகிறவள் என்ற முறையில் எனக்கு இது கசக்கிறது. புனைவின் மீது வாசகர் வைக்கும் ஒப்பந்தத்தை ஒருவர் இப்படியும் பயன்படுத்தலாம் என்று நான் நினைத்ததே இல்லை.

தமிழில் வேதத்துக்கு மறை என்று பெயர். மறைப்பதும் மறைதான். கத்தோலிக்கர் வழக்கில் மறைக்கல்வி, மறைமாவட்டம் என்று அந்தச் சொல் இன்றும் புழங்குகிறது. ஒரே சொல்லில் புனிதமும் மூடலும் ஒட்டிக்கிடப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழகியதால் அதில் எந்த விபரீதமும் தெரிந்ததில்லை. மார்மன்கள் இந்த இரண்டையும் பிரிக்கப் பாடுபடுகிறவர்கள். ஆலயத்துக்குள் நடப்பதை ஏன் வெளியில் சொல்வதில்லை என்று கேட்டால், அது ரகசியம் இல்லை, புனிதம் என்பார்கள். ரெக்ஸ்பர்க்கிலும் குன்றின்மேல் ஒரு வெண்ணிற ஆலயம் இருக்கிறது, 2008இல் அர்ப்பணிக்கப்பட்டது. அதற்கு முன்பு சில வாரங்கள் ஊரார் எல்லோரும் உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கலாம். அர்ப்பணித்த பின் சபையின் அனுமதிச் சீட்டு வைத்திருப்பவர்கள் மட்டுந்தான். அவர்கள் சொல்லும் வேறுபாட்டை நான் மதிக்கிறேன். ஒருவருடைய பிரார்த்தனையைத் தெருவில் போட்டுப் பார்க்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஒரு தனிமனிதர் தன் காட்சிகளையும் அதே துணியால் மூடிவிட்டால், வெளியே நிற்பவர் எதைக்கொண்டு வித்தியாசம் காண்பது? இந்தக் கேள்வி சபையின் முதல் வருடத்திலேயே வந்துவிட்டது. 1830இல் ஹைரம் பேஜ் என்ற அங்கத்தினர் ஒரு கல்லைப் பார்த்துத் தனக்கும் வெளிப்பாடுகள் வருவதாகச் சொன்னார். சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தே கல்லின் துணையோடு பொற்தகடுகளிலிருந்து சபையின் வேதத்தை மொழிபெயர்த்ததாகச் சொன்னவர் என்பதால், கல்லைப் பார்ப்பதே தவறு என்று சொல்ல வழியில்லை. சபை முழுமைக்குமான வெளிப்பாடு ஒருவருக்கே வரும், மற்றவர்களுக்கு அவரவர் வாழ்க்கைக்கானது வரும் என்று தீர்ப்பாயிற்று. அந்தத் தீர்ப்பிலேயே ஒரு சின்ன விவரம் இருக்கிறது. பேஜிடம் இதைச் சொல்லப்போகிறவர், அவரைத் தனியே அழைத்து, இருவர் மட்டும் இருக்கும்போது சொல்லவேண்டும் என்று கட்டளை. ஒரு மனிதரை எல்லோர் முன்னும் கூனிக்குறுக வைக்காத கருணை அது. அதே கருணை இருநூறு வருடங்களாக எத்தனை பேரைக் கூட்டத்தின் கண்ணில் படாமல் கடக்க விட்டிருக்கிறது என்றும் யோசிக்கத் தோன்றுகிறது.

இங்கே நான் தடுமாறுகிறேன். குற்றத்தைச் சபையின் தலையில் வைப்பது சுலபம். அந்தச் சுலபம் எனக்கு வேண்டாம். ஒரு கோடியே எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட அங்கத்தினர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். தனக்கு வந்த வழிகாட்டுதலை நம்பி மாறுதலாகிப் போகிறவர்கள், கல்யாணம் செய்துகொள்கிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர்கள். ரெக்ஸ்பர்க்கில் நிலவறையில் கோதுமையும் தண்ணீரும் சேமித்து வைப்பது பைத்தியக்காரத்தனமும் இல்லை. 1976 ஜூன் 5 அன்று டீட்டன் அணை உடைந்து அந்த ஊர் மீதுதான் தண்ணீர் பாய்ந்தது. அழிவு வரும் என்று நம்புகிற ஊருக்கு அழிவு உண்மையிலேயே ஒரு சனிக்கிழமை வந்திருக்கிறது. இருந்தாலும் அந்த மரபின் வரலாற்றில் ஒரு வாய்மூடல் தொடர்ந்து வருகிறது. சபையார் அப்போது வாழ்ந்த நாவூ நகரில் 1840களின் தொடக்கத்தில் பலதார மணத்தை ஸ்மித் நம்பகமான சிலரிடம் மட்டும் போதித்தார், பொதுவில் மறுத்தார். அதை அம்பலப்படுத்திய பத்திரிகையின் அச்சு எந்திரத்தை 1844 ஜூனில் உடைத்தார்கள். அந்த மாதமே அவர் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1984 ஜூலை 24 அன்று யூட்டாவில் லாஃபர்ட்டி சகோதரர்கள் தங்கள் தம்பி மனைவியையும் அவளுடைய பதினைந்து மாதக் குழந்தையையும் கொன்றபோது, கொல்லச் சொல்லி இறைவன் அனுப்பியதாக அவர்கள் எழுதிவைத்த தாள் ஏற்கெனவே சில கைகளுக்குப் போய்வந்திருந்தது. தீர்க்கதரிசிகளின் பள்ளி என்று தங்களை அழைத்துக்கொண்ட சிறு குழுவில் அதைப் பேசினார்கள். அந்தக் குழு அதை ஏற்கவில்லை என்பது குழுவுக்குப் பெருமைதான். ஆனால் காவல்துறைக்கு யாரும் போகவில்லை. அதை மறுத்த கையோடு மூடியும் வைத்துவிட்டார்கள். அந்தச் சகோதரர்களில் ஒருவரான ரான் லாஃபர்ட்டி முப்பத்தைந்து வருடம் சிறையிலிருந்து, 2019 நவம்பர் 11 அன்று இயற்கையாகச் செத்தார். டேபெலும் லோரியும் மாலை மாற்றிக்கொண்டு ஆறு நாள்தான் ஆகியிருந்தது.

டேபெல் தன் ஆட்களுக்கு எண் கொடுத்தார். ஒவ்வொருவரும் ஒளியா இருளா, எந்தப் படி என்று தசமப் புள்ளியோடு சொல்வார். யார் போன பிறவிகளில் யாராக இருந்தார்கள், எத்தனை முறை பூமிக்கு வந்தார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். 2018 அக்டோபரில் யூட்டாவின் செயின்ட் ஜார்ஜ் நகரில், கடைசி நாள்களுக்குத் தயாராவதைப் பற்றிய ஒரு கூட்டத்துக்குப் புத்தகங்களோடு வந்திருந்தவர், அங்கே முதன்முதலாகச் சந்தித்த லோரியிடம், முற்பிறவியில் நாம் கணவன் மனைவி என்றார். இருவருக்கும் அப்போது உயிரோடு துணைகள் இருந்தார்கள். இருள் முற்றிய ஒரு ஆளின் உடலுக்குள் வேறொரு ஆவி குடியேறிவிடும், அந்த ஆள் வெறும் ‘ஸோம்பி’, உள்ளே சிக்கிய நிஜ உயிர் விடுபட வேண்டுமானால் அந்த உடல் சாகவேண்டும் என்று அந்த வட்டத்தில் ஒரு கோட்பாடு உருண்டு திரண்டது. கேட்டவர்கள் முட்டாள்கள் இல்லை. படித்தவர்கள், பிள்ளை வளர்த்தவர்கள், சபையில் பொறுப்பு வகித்தவர்கள். எண்ணைக் கேட்டதும் ஒருவருக்கு என்ன நடக்கும் என்று நான் என்னை வைத்துப் பார்க்கிறேன். முதலில் என் எண் என்ன என்று கேட்பேன். நல்ல எண் கிடைக்கும், ஏனென்றால் கெட்ட எண் பெற்றவர்கள் அந்த அறையில் இருக்கமாட்டார்கள். கொடுத்தவரைச் சந்தேகித்தால் என் நல்ல எண்ணும் போய்விடும். அதோடு, சந்தேகிப்பதே இருளின் அறிகுறி என்றால், அதை வாய்விட்டுச் சொல்ல எவருக்குத் துணிவு வரும்? ஆக ஒவ்வொருவரும் தன் சந்தேகத்தைத் தன் மடியிலேயே முடிந்துகொள்வார். டேபெல் தன் காட்சிகளை மறைத்ததைவிட அவர்கள் தங்கள் ஐயங்களை மறைத்தது அதிகம். அந்த அறையில் ஐந்து பேர் இருந்திருந்தால் ஐந்து பேருக்குள்ளும் அதே கேள்வி தனித்தனியாக முழித்துக்கொண்டு கிடந்திருக்கலாம். வரப்பில் உட்கார்ந்து இரண்டு பேர் அதை ஒப்பிட்டுப் பார்த்திருந்தால், என்று நான் பல இரவுகள் நினைத்திருக்கிறேன். நினைத்து என்ன?

வெளிப்படையாகப் பேசியவர் ஒருவர் இருந்தார். லோரியின் கணவர் சார்லஸ் வாலோ. 2019 ஜனவரி கடைசியில் அரிசோனாவில் அவர் காவலர்களிடம் பேசியது ஒரு காவலரின் சட்டைக் கேமராவில் பதிவாகியிருக்கிறது. வேலை விஷயமாக வெளியூர் போய்த் திரும்பியிருந்தார். மனைவி தன்னைத் தன் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, வேறு யாரோ தன் உடலுக்குள் இருப்பதாகச் சொல்கிறாள், கொன்றுவிடுவதாகச் சொல்கிறாள் என்று அந்தக் குளிர் ராத்திரியில் அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லச் சொல்ல அவருக்கே தன் வார்த்தைகள் கூசுகின்றன. நம்பமாட்டீர்கள் என்று தெரிந்தே பேசுகிறவரின் பதற்றம். காவலர்கள் மரியாதையாகத்தான் கேட்கிறார்கள். லோரி மனநலப் பரிசோதனைக்குப் போய்ச் சிரித்த முகத்தோடு வெளியே வந்துவிட்டார். பிப்ரவரியில் சார்லஸ் தாக்கல் செய்த விவாகரத்து மனுவிலும் இதையெல்லாம் எழுதியிருந்தார்: தான் ஒரு தெய்வம், இரண்டாம் வருகைக்காக 1,44,000 பேரைத் தயார் செய்யும் பணி தனக்கு இருக்கிறது என்று மனைவி நம்புவதாக. ஜூலை 11 காலை, லோரியின் அண்ணன் அலெக்ஸ் காக்ஸ் அவரைச் சுட்டுக் கொன்றார். தற்காப்பு என்றார். அன்று யாரும் கைதாகவில்லை. அந்தச் சாவு சதி என்று ஒரு ஜூரி சொல்வதற்கு 2025 ஏப்ரல் வரை ஆயிற்று. டேபெலின் மீது வைத்த நம்பிக்கை இடம்மாறிப்போன நம்பிக்கை என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். சார்லஸின் அந்தப் பதிவைப் பார்த்த பிறகு எனக்கு இடம்மாறிப்போன சந்தேகம்தான் கண்ணில் நிற்கிறது. காட்சி கண்டதாக நிதானமாகப் பேசியவரை நம்ப முடிந்தது. பயத்தில் நடுங்கிக்கொண்டு உள்ளதைச் சொன்னவரைத்தான் ஐயத்தோடு பார்த்தார்கள். உண்மை அவ்வளவு விநோதமாக இருந்ததால், அதைச் சொன்னவரே விநோதமானவராகத் தெரிந்துவிட்டார்.

2019 செப்டம்பர் 22, ஞாயிறு இரவு. ரெக்ஸ்பர்க்கில் லோரி குடியிருந்த அடுக்ககத்துக்கு ஒரு தோழியும் அவருடைய நண்பரும் விருந்தாளிகளாக வந்திருந்தார்கள். ஜேஜே அலெக்ஸின் தோளில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டே வந்ததைப் பார்த்ததாக அந்த நண்பர் பின்னால் நீதிமன்றத்தில் சொன்னார். தோளில் தூங்கும் பிள்ளையின் கனம் எப்படி இருக்கும் என்று தூக்கிய யாருக்கும் தெரியும். கை தொங்கும், எச்சில் சட்டையில் வழியும், படி ஏறும்போது இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஆட்டிசம் உள்ள, சட்டென்று ஓடிவிடுகிற, ஓயாமல் பேசுகிற பையன். சார்லஸின் உறவுக்குழந்தை, தத்தெடுத்து வளர்த்தது. மறுநாள் காலை அவனைப் பார்க்கவேண்டும் என்று விருந்தாளி கேட்டபோது அவன் இல்லை. ஸோம்பி போல நடந்துகொண்டான், அலமாரி மேல் ஏறினான், இயேசுவின் படத்தைத் தள்ளிவிட்டான், தன் அண்ணன் அலெக்ஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்று தாய் சொன்னார். அவர்கள் கேட்டுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். இந்த இடத்தில் கோபப்படுவது எளிது; நான் கோபப்பட்டுத்தான் இருக்கிறேன். பிறகு யோசித்தால், அந்தச் சொல் அவர்கள் காதுக்குப் பல மாதங்களாகப் பழகியிருந்தது. முதல் தடவை கேட்டபோது மயிர்க்கூச்செறிந்திருக்கும். பத்தாவது தடவை அது வீட்டுச் சொல்லாகிவிடும். நவம்பர் 26 அன்று காவலர்கள் வந்து பையனைக் கேட்டபோது, அவன் அரிசோனாவில் அந்தத் தோழியோடுதான் இருக்கிறான் என்றார் லோரி. போலீஸ் கூப்பிட்டால் எடுக்காதே என்று டேபெலிடமிருந்து தோழிக்கு அழைப்பு வந்தது. அவர் உடனே உண்மையைச் சொல்லிவிடவில்லை. பத்து நாள் எடுத்துக்கொண்டு, பிறகு அவன் தன்னிடம் இல்லை என்று காவல்துறையிடம் சொன்னார். டிசம்பர் 8 அன்று இருவரையும் தொலைபேசியில் அழைத்து, அவர்களுக்குத் தெரியாமல் பேச்சைப் பதிவு செய்தார். அதில் அவர் பையன் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவன் பத்திரமாக இருக்கிறான் என்று தாய் சொல்கிறார். அந்தப் பத்து நாள் அந்தப் பெண்ணின் வீட்டில் எப்படிக் கழிந்திருக்கும்? தட்டு கழுவும்போது, படுக்கப்போகும்போது, ‘உன்னிடம் மட்டும்’ என்ற வார்த்தை இப்போது என்ன கனம் கனத்திருக்கும்? அவரைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வட்டத்தில் வாயைத் திறந்தவரும் அவர்தான்.

2020 ஜூன் 9 காலை. டேபெல் வீட்டுப் பின்புறம் குளத்தோரம் ஒரு இடத்தில் புல் மட்டும் குட்டையாக இருந்ததைத் துப்பறிவாளர்கள் கவனித்தார்கள். புல்பற்றையை நீக்கினால் பெரிய வெள்ளைக் கற்கள், அதற்குக் கீழே மரப்பலகை, அதற்குக் கீழே கறுப்புப் பிளாஸ்டிக். தொழில் தெரிந்த கை மூடிய குழி. டேபெல் அப்போது காரில் உட்கார்ந்திருந்தார். வேறொரு வழக்கில் ஏற்கெனவே சிறையிலிருந்த லோரி அங்கிருந்து கூப்பிட்டார். சிறை அழைப்புகள் பதிவாகும் என்று இருவருக்கும் தெரியும். தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்கிறார் இவர். நான் என்ன செய்யவேண்டும், பிரார்த்திக்கவா என்று கேட்கிறார் அவர். தான் ஓரளவு அமைதியாகவே உணர்வதாக டேபெல் சொல்கிறார். அந்த அமைதியைக் கேட்டபோது என் முதுகு சில்லிட்டது. ஒரு முடிவு சரியா என்று பிரார்த்தித்துக் கேட்டால், சரி என்பதற்கு அடையாளமாக நெஞ்சில் ஒரு இதமும் அமைதியும் வரும் என்பது மார்மன் குழந்தைகள் ஞாயிறு வகுப்பிலேயே கற்கும் பாடம். எத்தனையோ நல்லவர்கள் அந்த அமைதியைப் பிடித்துக்கொண்டு கஷ்டகாலத்தைத் தாண்டியிருக்கிறார்கள். ஆனால் பிள்ளையைப் புதைத்த மண்ணை வெட்டும் சத்தம் காதில் விழும்போதும் ஒருவருக்கு அமைதி வருமென்றால், அந்த அமைதி எதற்குச் சாட்சி? ரக்கூன் செய்தியிலும் இதே மொழிதான் இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. கிளைகளை எரிக்கத் ‘தோன்றியது’ என்று எழுதியிருந்தார். சாதாரணமாக யாரும் சொல்கிற சொல்தான். அந்தச் சபையில், அந்த வீட்டில், ‘தோன்றியது’ என்றால் தூண்டுதல் வந்தது என்றும் பொருள். டாமி அப்படியும் வாசித்திருக்கலாம். ஏறத்தாழ முப்பது வருடம் கூட வாழ்ந்தவருக்கு அது பழகிய நடை.

கடைசியில் இந்த ரகசியத்தைக் கிழித்தது எந்தக் காட்சியும் இல்லை. லூசியானாவில் இருந்த ஜேஜேயின் பாட்டி. பேரனோடு பேசும் நேரம் சுருங்கிச் சுருங்கி, சில விநாடியாகி, பிறகு நின்றேபோனது. செத்துப்போன சார்லஸின் அமேசான் கணக்கை லோரி இன்னும் பயன்படுத்துவதை அவர் கண்டுபிடித்தார். அதில் ரெக்ஸ்பர்க் முகவரி இருந்தது. பச்சை மாலகைட் பதித்த கல்யாண மோதிரம் இருந்தது. மோதிரத்துக்கு ஆர்டர் கொடுத்த தேதி அக்டோபர் 2. டாமி இறந்தது அக்டோபர் 19. உலகத்தின் முடிவுத் தேதி தெரியும் என்றவர்களுக்கு, விலைச்சீட்டிலும் தேதி விழும் என்று தெரிந்திருக்கவில்லை. அந்தப் பாட்டிதான் காவல்துறையை அந்த வாசலுக்கு அனுப்பினார். அவருக்கு எண் எதுவும் தெரியாது, எந்த வட்டத்திலும் இல்லை, யாரும் அவரிடம் மட்டும் எதையும் சொல்லவில்லை. பேரனின் குரலைக் கேட்கவேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

டாமியைப் பற்றி நான் போதுமான அளவு சொல்லவில்லை. இந்த வழக்கைப் பற்றிய எழுத்துகளில் அவருக்கு எப்போதும் இடம் குறைவு. கணவர் காட்சி கண்டார், மனைவி கணக்குப் பார்த்தார், புத்தகங்கள் வெளியே போயின, ஐந்து பிள்ளைகள் வளர்ந்தார்கள். 2019 அக்டோபர் 9 அன்று மாலை வெளியே போய்த் திரும்பி, வீட்டு முன்னால் காரிலிருந்து சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தார். முகமூடி போட்ட ஒருவர் வந்து துப்பாக்கியைக் காட்டிச் சுட்டார். குண்டு எதுவும் படவில்லை. அது சாயத் துப்பாக்கி என்று டாமி நினைத்தார், யாரோ விளையாடுகிறார்கள் என்று. கத்தி ஆளை விரட்டினார். உள்ளே போய், நடந்ததை அப்படியே முகநூலில் எழுதினார். அக்கம்பக்கத்தார் கவனமாக இருக்கட்டும் என்று. பத்து நாள் கழித்து அவர் தூக்கத்திலேயே இறந்துவிட்டதாகக் கணவர் சொன்னார். பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்றார். ஸ்பிரிங்வில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். டிசம்பர் 11 அன்று குழியைத் திறந்து உடலை எடுத்தபோதுதான் மூச்சுத்திணறடிக்கப்பட்டது தெரிந்தது. அந்த முகநூல் வரிகளைப் பக்கத்து வீட்டார், பள்ளிக்கூடத்தார், சபையார் என்று யாரெல்லாமோ படித்திருப்பார்கள். அதே நேரத்தில் அந்த ஊரிலும் அரிசோனாவிலும் வேறு சிலர், டாமிக்கு ஐம்பது வயது வரை ஆயுள் இல்லை என்று தங்களிடம் மட்டும் சொல்லப்பட்டதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு இருந்தார்கள். அவருக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. தெருவில் முகமூடி போட்ட ஒருவர் திரிகிறார், பார்த்து இருங்கள் என்றுதான் அவர் எல்லோருக்கும் எழுதியிருந்தார்.